தேனியில் டாக்டர்... ஆண்டிப்பட்டியில் அம்மாச்சி!

'இந்த வாரம் ஊர் சுத்துற பக்கத்துக்கு மேகமலை போயிட்டு வா. மேகம், தேயிலை, யானைனு ஜில்லுனு எழுதிக் கொடு!' - இப்படிச் சொல்லித்தான் என்னை அனுப்பி வைத்தார்கள். பையில் ஸ்வெட்டர், பவர் பேங்க், நண்பனிடம் கெஞ்சி வாங்கிய கேமரா எல்லாம் ரெடி. ஆனால் பாஸ், நான் மேகமலைக்குப் போய்ச் சேரவே இல்லை. மலை ஏறுகிற சின்னமனூர்கூட வரவில்லை. அதற்கு ரொம்ப முன்னாலேயே ஆண்டிப்பட்டியில் இறங்கிவிட்டேன்.

காரணம், அம்மாச்சி. அம்மாவைப் பெத்த அம்மா.

அருவி, காட்டேஜ், செல்ஃபி பாயின்ட் எதிர்பார்த்து வந்தவர்கள் மன்னிக்கணும். இது ஜன்னல்கூட இல்லாத ஒரு சின்ன ரூமுக்குப் போன பயணக் கட்டுரை. ஆனா, கடைசி வரைக்கும் வாங்க. உங்க வீட்டுக்கும் இதில் ஒரு வேலை இருக்கு.

கணவாய் தாண்டி...

மதுரையில் போடி ரயிலில் ஏறினால், எப்படியாவது ஜன்னல் சீட் பிடிங்க. உசிலம்பட்டி தாண்டினதும் ரயில் மலையைக் கிழித்துக்கொண்டு ஆண்டிப்பட்டி கணவாய்க்குள் நுழையும். ரெண்டு பக்கமும் வெட்டி எடுத்த பாறை. கையை நீட்டினால் தொட்டுவிடலாம் போல இருக்கும் (நீட்டாதீங்க!). அது முடிந்ததும் சட்டென்று வெளிச்சம். தூரத்தில் மேற்குத் தொடர்ச்சி மலை நீலமாகக் கோடு போட்டிருக்கும்.

இந்த ரயில் பாதைக்கே ஒரு சோகக் கதை உண்டு. அகலப் பாதையாக மாற்றப் போகிறோம் என்று 2010 கடைசியில் மீட்டர் கேஜ் ரயிலை நிறுத்தினார்கள். மறுபடி தேனிக்கு ரயில் வந்தது 2022 மே மாதம். போடிக்கு வந்தது 2023 ஜூன். நான் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த சமயத்தில் நின்ற ரயில், நான் பத்தாவது முடித்த பிறகுதான் திரும்பி வந்தது! அத்தனை வருஷமும் மதுரை பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகணும் என்றால் பஸ்தான். சுமார் 58 கிலோமீட்டர். உங்களுக்கும் எனக்கும் அது ரெண்டு இயர்போன் பாட்டு லிஸ்ட். முட்டி வலியோடு இருக்கிற அம்மாச்சிக்கு அது ஒரு முழு நாள், ஒரு நாள் கூலி, துணைக்கு வர ஒரு ஆள்.

ஆண்டிப்பட்டி என்றதும் உங்களுக்கு அரசியல்தான் ஞாபகம் வரும். 1984 தேர்தலில் இங்கே வேட்பாளர் எம்.ஜி.ஆர். அப்போ அவர் இருந்தது ஆண்டிப்பட்டியில் இல்லை. அமெரிக்காவில், புரூக்ளின் ஆஸ்பத்திரியில்! தொகுதிப் பக்கம் வராமலேயே ஜெயித்தார். ஆஸ்பத்திரியில் அவர் தேறி வருகிற வீடியோவை ஊர் ஊராகப் போட்டுக் காட்டினார்கள். அம்மாச்சியும் அதைப் பார்த்த ஆள்தான். "திரையில பாத்த பொறவுதான்யா சோறு எறங்குச்சு" என்று இன்னமும் சொல்வாங்க.

அன்றைக்கு நோயாளி திரையில் இருந்தார், ஊர் பார்த்தது. நாற்பது வருஷம் கழித்து அதே ஊரில் டாக்டர் திரையில் இருக்கிறார், அம்மாச்சி பார்க்கிறாங்க. இந்தக் கட்டுரை அந்த ரெண்டாவது காட்சியைப் பற்றித்தான்.

போனைக் காதில் வெச்ச கதை

ஆண்டிப்பட்டியை ஒட்டிய சக்கம்பட்டி, கொஞ்சம் தள்ளி டி.சுப்புலாபுரம் எல்லாம் நெசவுக்குப் பேர்போன ஊர்கள். தெருவில் நடந்தால் தறிச் சத்தம் கூடவே நடந்து வரும். அம்மாச்சியும் தறி வீட்டு ஆள்தான். தாத்தா போன பிறகு தறி போயிடுச்சு. ராட்டை மட்டும் மிச்சம். பக்கத்துத் தறிக்காரர்களுக்குத் தார் சுற்றிக் கொடுப்பாங்க. நூல் அறுந்தால் கண்ணாலேயே தேடிப் பிடிச்சு, விரலால் ஒரு முறுக்கு. முடிச்சு எங்கே என்று நமக்குத் தெரியாது.

போன தீபாவளிக்குப் போனபோது ராட்டை சும்மா கிடந்தது. கேட்டதற்கு, "இழை தெரியல சாமி. கண்ணு மங்கலா இருக்கு" என்றாங்க.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "வயசாச்சுல்ல அம்மாச்சி!"

அவ்வளவுதான். சொல்லிவிட்டு முறுக்கு தின்னப் போயிட்டேன். அம்மாச்சிக்குப் பன்னிரண்டு வருஷமாகச் சர்க்கரை இருக்கு என்பது எனக்குத் தெரியும். சர்க்கரை கண்ணையும் பிடிக்கும் என்று ஏதோ படித்ததும் ஞாபகம் இருக்கு. இந்த ரெண்டையும் சேர்த்துப் பார்க்க ஒரு நிமிஷம் ஆகியிருக்காது. சேர்த்துப் பார்க்கவில்லை.

பிறகு மனசு உறுத்தியது. நான் ஈ.சி.ஈ. மூணாவது வருஷம் பாஸ். நமக்கு எல்லாப் பிரச்னைக்கும் ஒரே மருந்துதானே... ஆப்! அம்மாச்சிக்கு மாமா வாங்கிக் கொடுத்த போனில், வீடியோவில் டாக்டரிடம் பேசுகிற ஒரு ஆப்பை இறக்கி, மதுரையில் இருந்தே போனில் ஒவ்வொரு பட்டனாகச் சொல்லி, நேரம் வாங்கிக் கொடுத்தேன். ஹாஸ்டலில் பெருமை பீற்றினேன். 'டெலிமெடிசின் மச்சி!'

நடந்தது என்ன? டாக்டர் திரையில் வந்தார். அம்மாச்சி போனைத் தூக்கிக் காதில் வைத்துக்கொண்டாங்க. பாவம், அந்த டாக்டருக்குப் பத்து நிமிஷம் அம்மாச்சியின் தோடு மட்டும்தான் தெரிந்திருக்கும். பக்கத்து வீட்டு அக்கா வந்து போனைத் திருப்பிப் பிடித்தாங்க. டாக்டர் நல்ல மனுஷர். உண்மையைச் சொல்லிவிட்டார். "இந்த கேமராவில் கண்ணுக்கு வெளியேதான் தெரியும்மா. எனக்குப் பார்க்க வேண்டியது கண்ணுக்குள்ளே. மருந்து விட்டுப் பாப்பாவை விரிச்சுப் பார்க்கணும். பக்கத்தில் கண் ஆஸ்பத்திரி இருந்தா உடனே போங்க."

'உடனே' என்றார். அப்புறம் எனக்கு இன்டர்னல் வந்தது. லேப் வந்தது. சிம்போசியம் வந்தது. மூணு மாசம் போனது.

ஒரு மேசை, ஒரு கேமரா, ஒரு தங்கச்சி

மேகமலைக்குக் கிளம்பிய அன்று காலையில், ரயிலில் இருந்து சும்மா போன் போட்டேன். அம்மாச்சி காபி போடும்போது கொதிக்கிற பாலைக் கையில் ஊற்றிக்கொண்டாங்களாம். "டம்ளரு அங்கன இருக்குனு நெனச்சேன்யா" என்று சிரித்தாங்க. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்த ஸ்டேஷன் ஆண்டிப்பட்டி. இறங்கிவிட்டேன்.

மதுரைக்கு வர மாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்றாங்க. பக்கத்து வீட்டு அக்காதான் வழி சொன்னாங்க. "இங்கனயே கண்ணு பாக்குற எடம் இருக்கேடா. டி.வி.ல டாக்டரு பேசுவாரு."

செல்போன் கடைக்கும் மருந்துக் கடைக்கும் நடுவில் ரெண்டு ரூம். அதுதான் மையம். (எந்த ஆஸ்பத்திரியின் மையம் என்று எழுதவில்லை. விளம்பரம் ஆகிவிடும்!) வெளியே பெஞ்சில் ஏழெட்டுப் பேர். உள்ளே யூனிஃபார்ம் புடவையில் ஒரு பெண். என்னைவிட ஒரு வயசு சின்னவளாக இருக்கலாம். பக்கத்துக் கிராமம். பிளஸ் டூ முடித்துவிட்டு, கண் பரிசோதனைக்கு என்றே பயிற்சி எடுத்து வந்த தங்கச்சி. கூட ஒரு அக்கா, பேர் பதிகிறது, கண்ணாடி கொடுக்கிறது, கணக்கு எழுதுகிறது எல்லாம் அவங்க.

அங்கே என்ன நடக்கும் என்று வரிசையாகச் சொல்கிறேன். முதலில் சுவரில் மாட்டிய எழுத்துப் பலகை. அம்மாச்சி வலது கண்ணால் ஐந்து வரி படிச்சாங்க. இடது கண்ணால் ரெண்டு. அடுத்து ஸ்லிட் லேம்ப். தாடையை ஒரு தாங்கியில் வைத்தால், மெல்லிய வெளிச்சக் கீற்றை விட்டு கண்ணின் முன்பக்கத்தைப் பெரிதாக்கிப் பார்க்கிற கருவி. பிறகு கண்ணின் அழுத்தம். பிறகு சொட்டு மருந்து விட்டு, கண்ணை மூடி உட்காரச் சொன்னாள். பாப்பா விரிந்ததும் விழித்திரையைப் படம் எடுக்கிற கேமரா.

இந்த கேமராதான் ஹீரோ. கண்ணின் பின்சுவரில் இருக்கிற விழித்திரையை, அதன் ரத்தக் குழாய்களோடு கலரில் எடுத்துத் தரும். உடம்புக்குள் கத்தி வைக்காமல் ரத்தக் குழாயை நேராகப் பார்க்கக் கூடிய இடம் கண் ஒன்றுதானாம். நம்ம செல்ஃபி கேமராவுக்கும் இதற்கும் உள்ள தூரம்தான், என் ஆப் தோற்றதற்கும் இந்த ரூம் ஜெயித்ததற்கும் உள்ள தூரம்.

படங்கள் முதலில் போய்விடும். அங்கே தேனியில் டாக்டர் அவற்றைத் திறந்து வைத்துக்கொண்டு, அதன் பிறகுதான் வீடியோவில் வருவார். ரோட்டு வழியாக சுமார் 17 கிலோமீட்டர். நெட் வழியாக மூணு நொடி.

ஹாஸ்டல் வைஃபை கத்துக்க வேண்டிய பாடம்

மருந்து வேலை செய்கிற வரைக்கும் காத்திருந்தோம் இல்லையா, அந்த நேரத்தில் நான் போனில் தேடிப் படித்ததை உங்களுக்குச் சொல்லியே ஆகணும். முக்கியமாக ஈ.சி.ஈ., சி.எஸ். மக்களே... சீட்டைப் பிடிச்சு உட்காருங்க.

மதுரையில் 1976-ல் டாக்டர் ஜி.வெங்கடசாமி 11 படுக்கைகளோடு ஆரம்பித்தது அரவிந்த் கண் மருத்துவமனை. 2004-ல் இருந்து அவர்கள் சின்ன ஊர்களில் இந்த மாதிரி கண் பரிசோதனை மையங்களைத் திறக்க ஆரம்பித்தார்கள். அப்போது இந்த ஊர்களுக்கு நம்பி வீடியோ பேசுகிற அளவுக்கு நெட் கிடையாது. கேபிள் இழுக்கக் காசு. சாட்டிலைட்டுக்கு அதைவிடக் காசு. அப்போது கை கொடுத்தது கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் எரிக் புரூவர் என்ற பேராசிரியரின் குழு. அவர்கள் எடுத்த ஆயுதம்... சாதா வைஃபை!

எங்க ஹாஸ்டல் வைஃபை பாத்ரூம் வரைக்கும் வராது. இவர்கள் அதையே தேனி ஆஸ்பத்திரியில் இருந்து சுற்று வட்டார ஊர்களுக்குக் கிலோமீட்டர் கணக்கில் தாண்ட வைத்தார்கள். எப்படி? முதலில், நாலா பக்கமும் சிதறுகிற ஆண்டெனாவுக்குப் பதிலாக ஒரே திசையில் குறிபார்க்கிற ஆண்டெனா. டவர் உச்சியில் இருந்து எதிர் டவரை நேருக்கு நேர் பார்க்கணும். நடுவில் மரம் வளர்ந்தால்கூட அவுட்.

அது மட்டும் போதாது. வைஃபையில் ஒரு பாக்கெட் அனுப்பினால், 'வந்துச்சு மச்சி' என்று எதிர்ப்பக்கம் பதில் சொல்லணும். பதில் வராவிட்டால் தொலைந்துவிட்டது என்று நினைத்து மறுபடி அனுப்பும். வீட்டுக்குள் இது சரி. ஆனால், 15 கிலோமீட்டர் போக ரேடியோ அலைக்கே 50 மைக்ரோ செகண்ட், திரும்பி வர இன்னொரு 50. அதற்குள் இந்தப் பக்கம் பொறுமை போய், அனுப்பினதையே அனுப்பிக்கொண்டிருக்கும். போதாக்குறைக்கு ரெண்டு பக்கமும் ஒரே நேரத்தில் பேசி முட்டிக்கொள்ளும். பெர்க்லி குழு இந்த விதியையே மாற்றி எழுதியது. 'நீ இவ்வளவு நேரம் பேசு, அப்புறம் நான் பேசறேன்' என்று முறை வைத்தார்கள். ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் தனித்தனியாகத் தலையாட்டாமல் மொத்தமாக ஒரே பதில். 2007-ல் வந்த அவர்களுடைய ஆராய்ச்சிக் கட்டுரைக்கு 'வைல்ட்நெட்' என்று பேர். அதே வருஷம் வெனிசுவேலாவில் மலை உச்சிகளுக்கு நடுவே 382 கிலோமீட்டர் தூரத்துக்கு வைஃபை பேசியது, பாஸ்!

ஆனால், எனக்கு ரொம்பப் பிடித்தது அடுத்த வருஷம், 2008-ல், அதே குழு எழுதிய கட்டுரை. 'ஆரம்பித்து வைக்கிறது சுலபம், கிராமத்தில் அதை உயிரோடு வெச்சிருப்பதுதான் கஷ்டம்' என்பதுதான் அதன் சாரம். அவர்களைப் படுத்தியது அலைவரிசை இல்லை. கரண்ட்! திடீரென்று ஏறி இறங்குகிற வோல்டேஜ் கருவிகளைச் சுட்டுத் தள்ளியது. கோளாறு வந்தால் தூரத்தில் இருக்கிற நிபுணரைக் கூப்பிட முடியாது. உள்ளூர் ஆட்களே பார்த்துச் சரிசெய்கிற மாதிரி சொல்லிக்கொடுத்தால்தான் நெட்வொர்க் நிற்கும். நம்ம சிலபஸில் இந்த யூனிட்டே கிடையாது.

இப்போது ஃபைபரும் 4ஜி-யும் வந்துவிட்டதால் நிறைய இடங்களில் டவர் தேவை இல்லை. நான் போன மையத்தில்கூட சாதா பிராட்பேண்ட்தான். அரவிந்துக்கு மட்டுமே இன்று இப்படி நூற்றுக்கும் மேற்பட்ட மையங்கள் இருக்கு.

"நூலு இத்துப்போச்சு அம்மாச்சி"

டாக்டர் திரையில் வந்தார். "வணக்கம்மா. சாப்டீங்களா?" என்றார். அம்மாச்சி எழுந்து கும்பிட்டாங்க. தங்கச்சி தோளைத் தொட்டு உட்கார வைத்தாள்.

புரை கொஞ்சம் இருக்கு, அது அவசரம் இல்லை என்றார். பிறகு குரல் மாறியது. "சர்க்கரை விழித்திரையைப் பாதிச்சிருக்கு. இடது கண்ணில் நடுப்பகுதியில் நீர் கோத்திருக்கு. வலது கண்ணிலும் ஆரம்பிச்சிருக்கு. ஸ்கேன் எடுத்துப் பார்த்துட்டு ஊசியோ லேசரோ முடிவு பண்ணணும். ஒரு வாரத்துக்குள்ள தேனி வரணும்மா."

நான் கேட்டேன். "சரியாயிடுமா டாக்டர்?"

"போனதை முழுசாகத் திரும்பக் கொண்டுவர முடியும்னு சொல்ல மாட்டேன் தம்பி. இருக்கிறதைக் காப்பாத்தலாம். சீக்கிரம் வந்திருந்தா இன்னும் நிறைய இருந்திருக்கும்."

அவர் யாரையும் குறை சொல்லவில்லை. ஆனால், எனக்கு முறுக்கு ஞாபகம் வந்தது. அந்த 'வயசாச்சுல்ல' ஞாபகம் வந்தது.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது! கம்ப்யூட்டர் யு.பி.எஸ்-ஸில் ஓடியது. ஆனால், நெட் அறுந்து, டாக்டர் வாயைத் திறந்தபடி திரையில் உறைந்து நின்றார். நான் பதறினேன். தங்கச்சி பதறவே இல்லை. தன் போனை எடுத்து நம்பர் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். படம்தான் ஏற்கெனவே அங்கே போய்விட்டதே! பேச்சுக்கு ஒரு போன் போதும். டாக்டர் விட்ட இடத்தில் இருந்து தொடர்ந்தார்.

முடிந்ததும் அம்மாச்சி சொன்ன முதல் வார்த்தை, "நான் வரல."

"ஏன் அம்மாச்சி?"

"கண்ணுக்குள்ள ஊசி குத்துவாகளாம்ல? இம்புட்டு நாள் பாத்தாச்சு, போதும். இருக்குற வரைக்கும் இருக்கட்டும்."

நான் ஆரம்பித்தேன். டயபெட்டிக் ரெட்டினோபதி என்றேன், ரத்தக் குழாயில் கசிவு என்றேன், மாக்குலா என்றேன். இன்டர்நெட்டில் படித்ததை எல்லாம் கொட்டினேன். அம்மாச்சி முகம் இறுகிக்கொண்டே போனது.

தங்கச்சி என்னைப் பார்த்து, "அண்ணா, கொஞ்சம் இருங்க" என்றாள். கம்ப்யூட்டரை அம்மாச்சி பக்கம் திருப்பினாள். திரையில் ஆரஞ்சு நிறத்தில் அம்மாச்சியின் விழித்திரை, மேலே கோடு கோடாக ரத்தக் குழாய்கள்.

"அம்மாச்சி, இது ஒங்க கண்ணுக்குள்ள. இந்தா போகுது பாருங்க, இதெல்லாம் நூலுனு வெச்சுக்கங்க. பாவு மாதிரி. இந்த எடத்துல பாருங்க... நூலு இத்துப்போச்சு. இங்கிட்டு சாயம் கசிஞ்சு நிக்குது. இப்ப முடிச்சுப் போட்டா மிச்சப் பாவு தப்பிக்கும். விட்டா?"

அம்மாச்சி ரொம்ப நேரம் திரையைப் பார்த்தாங்க. இடது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு வலது கண்ணால் பார்த்தாங்க. பிறகு கேட்டாங்க. "ஒனக்கு எப்படிம்மா பாவு தெரியும்?"

"எங்கம்மாவும் தார் சுத்துறவுகதான்."

"வலிக்குமா?"

"மரத்துப்போற சொட்டு விட்டுத்தான் போடுவாக. எறும்பு கடி கூட இருக்காது. வேணும்னா, அன்னிக்கு அங்க இருக்குற எங்க அக்காகிட்ட போன்ல சொல்லி வெக்கறேன். கூடவே நிப்பாக."

"அப்பச் சரி."

அவ்வளவுதான் பாஸ். நாலு வருஷ இன்ஜினீயரிங், நூறு ஆப், ஃபைபர் கேபிள் எல்லாம் சேர்ந்து செய்ய முடியாததை ரெண்டு நிமிஷத்தில் முடித்துவிட்டாள். கிளம்பும்போது சும்மா சீண்டினேன். "இந்த மாதிரி படத்தைப் பார்த்து நோய் கண்டுபிடிக்க ஏ.ஐ. வந்திருச்சு தெரியுமா? 2016-லேயே கூகுள் ஆட்கள் ஆராய்ச்சி பண்ணி எழுதிட்டாங்க." அவள் கேமரா லென்ஸைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். "வரட்டும்ணா. அதுக்கும் மொதல்ல அம்மாச்சி தாடையை வெக்கணும்ல?"

வீடியோ வைத்தியம் எதுவரை?

இந்தியாவில் இது புதுசு இல்லை. 2000-லேயே ஆந்திராவின் அரகொண்டா கிராமத்தில் டெலிமெடிசின் ஆரம்பித்து, இஸ்ரோ சாட்டிலைட் உதவியோடு சென்னையை இணைத்தார்கள். 2019 நவம்பரில் மத்திய அரசின் இ-சஞ்சீவனி வந்தது. கொரோனா ஊரடங்கு தொடங்கிய 2020 மார்ச் 25-ம் தேதிதான், டாக்டர்கள் தொலைவில் இருந்து வைத்தியம் பார்ப்பதற்கான விதிமுறைகள் வெளியாயின. ஏப்ரலில் வீட்டில் இருந்தே பேசுகிற வசதியும் வந்தது.

இ-சஞ்சீவனியில் ரெண்டு வழி இருக்கு. ஒன்று, நீங்களே போனில் டாக்டரிடம் பேசுவது. இன்னொன்று, கிராமத்துச் சுகாதார நிலையத்துக்குப் போனால், அங்கே இருக்கிற பணியாளர் உங்களைப் பரிசோதித்து, கூட உட்கார்ந்து தூரத்து டாக்டரோடு பேச வைப்பது. முன்பு எனக்கு முதல் வழிதான் மாடர்னாகத் தெரிந்தது. இப்போது சொல்லுங்க... அம்மாச்சிக்கு எது சரி?

எல்லாவற்றுக்கும் இது ஆகாது என்பதும் உண்மை. வயிற்றை அமுக்கிப் பார்க்க வேண்டிய வலிக்கு, நெஞ்சு வலிக்கு, பிரசவ நேர ரத்தப்போக்குக்கு வீடியோ போட்டு உட்கார்ந்திருந்தால் உயிர் போயிடும். அங்கே 108-தான். கண்ணுக்கு இது நன்றாக நடப்பதற்குக் காரணம், கண் நோய் பலவற்றைப் படத்தில் பார்க்கலாம் என்பது. ஆனாலும் ஊசியைப் படத்துக்குப் போட முடியாது. கடைசியில் ஒரு பஸ் ஏறித்தான் ஆகணும். வீடியோ செய்த உதவி என்ன என்றால், எந்த பஸ் ஏறணும், எப்போ ஏறணும், ஏறாவிட்டால் என்ன ஆகும் என்று வீட்டுப் பக்கத்திலேயே சொன்னது. பெஞ்சில் இருந்த மற்ற ஏழெட்டுப் பேரில் பலரும் ஒரு கண்ணாடியோடு, ஒரு சொட்டு மருந்தோடு அங்கேயே முடித்துக்கொண்டு வேலைக்குத் திரும்பினாங்க. அவங்களுக்கு அன்றைய கூலி மிச்சம்.

அடுத்த வியாழக்கிழமை

காலேஜுக்குக் கட் அடித்துவிட்டு அம்மாச்சியைத் தேனிக்குக் கூட்டிப் போனேன். என் இன்ஜினீயரிங் வாழ்க்கையிலேயே உருப்படியாக அடித்த கட் அதுதான். பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாங்க. ஆஸ்பத்திரி வாசலில் ஒரு சிஸ்டர் வந்து, "ஆண்டிப்பட்டி அம்மாச்சி நீங்கதானா?" என்று கேட்டதும் அந்தப் பிடி கொஞ்சம் தளர்ந்தது. தங்கச்சி சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருக்கிறாள்.

ஊசி போட்டு வெளியே வந்ததும் அம்மாச்சி சொன்ன கமென்ட்: "இதுக்காய்யா இம்புட்டு நாள் பயந்தேன்?"

இதை எழுதும்போது பத்து நாள் ஆகிறது. கண் பளிச்சென்று ஆகிவிட்டது என்று எழுதினால் கட்டுரைக்கு நல்லா இருக்கும். ஆனால், ஆகவில்லை. இடது கண் கொஞ்சம் தெளிந்த மாதிரி இருக்கு என்கிறாங்க, எனக்காகச் சொல்றாங்களா என்று தெரியவில்லை. இன்னும் ஊசிகள் இருக்கு. சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்கணும். அடுத்த தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருக்கோம். வரவில்லை என்றால் தங்கச்சி போன் போடுவாளாம், மிரட்டிவிட்டுத்தான் அனுப்பியிருக்கிறாள்.

சரி, உங்களுக்கு ஒரு வேலை இருக்கு என்று ஆரம்பத்தில் சொன்னேன் இல்லையா? இதுதான். உங்க வீட்டில் அப்பத்தா, தாத்தா, அப்பா, அம்மா... யாருக்காவது சர்க்கரை இருக்கா? இருந்தால், கடைசியாக எப்போ பாப்பாவை விரிச்சுக் கண்ணைப் பார்த்தாங்க? இந்த நோய் ஆரம்பத்தில் வலிக்காது, மங்காது, ஒரு அறிகுறியும் காட்டாது. காட்டும்போது பாதி வண்டி கிளம்பியிருக்கும். அதனால் கண் நல்லாத் தெரியும்போதே வருஷத்துக்கு ஒரு தடவை பார்க்கணும். இந்தப் பக்கத்தைப் படித்து முடித்ததும் ஒரு போன் போட்டுக் கேளுங்க. 'வயசாச்சுல்ல' என்று மட்டும் சொல்லிடாதீங்க, ப்ளீஸ்.

அப்புறம்... மேகமலை? ஆசிரியர் குழு முறைக்குது. போயிடலாம் பாஸ். அடுத்த ஊசிக்குத் தேனி போகும்போது அம்மாச்சியையும் கூட்டிக்கிட்டு அப்படியே ஒரு எட்டு. மேகம் எப்படி இருந்தது என்று அவங்களையே சொல்லச் சொல்லி எழுதறேன்!